காகிதப்பூவுக்குத் தாகம் வேண்டும்

தோட்டம்: வாசகர் கேள்வி–பதில்

மாசி வெயில் ஏறத் தொடங்கினாலே சேலத்து வாசகர்களிடமிருந்து காகிதப்பூ (போகன்வில்லா) பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். எதிர்வீட்டுச் சுவரில் அது கொட்டிப் பூப்பதும், நம் வீட்டில் வெறும் இலையாக நிற்பதும் அப்போதுதானே கண்ணில் படுகிறது! இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கே: தரையில் வைத்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் தண்ணீர், மாதம் ஒரு கூடை சாணி உரம். மாடி வரை ஏறிவிட்டது. இலை கரும்பச்சை, முள் விரல் நீளம். பூ மட்டும் இல்லை. மலட்டுச் செடியா? — அஸ்தம்பட்டி வாசகி

ப: செடியில் குறை இல்லை, கவனிப்புதான் அதிகம். காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் தனித்தனியானவை அல்ல. இலைக் கக்கத்தில் எழும் ஒரே மொட்டு, செடியின் நிலையைப் பொறுத்து முள்ளாகவும் மாறும், பூங்கொத்தாகவும் மாறும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்போது செடி கொடிவிட்டு ஓடப் பார்க்கும். அந்த நேரத்தில் கக்கத்து மொட்டு முள்ளாகி நீள்கிறது. உங்கள் வீட்டு முள்ளின் நீளமே பாதி பதிலைச் சொல்லிவிட்டது.

முதலில் சாணி உரத்தை நிறுத்துங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம். மூன்று வயதான தரைச் செடிக்கு மழைக்காலத்தில் தண்ணீரே தேவையில்லை. கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை ஆழமாக நான்கு குடம் விட்டால் போதும். தினம் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட அது நல்லது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே சுற்றும்.

அடுத்தது கவாத்து. பூ வருவது புதுத் தளிரின் நுனிப்பக்கத்தில். வெட்டிய கிளை மறுபடி துளிர்த்துப் பூக்க 6 முதல் 8 வாரம் வேண்டும். சேலத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும்: ஆடியில் பெரிய கவாத்து, அதாவது மூன்றில் ஒரு பங்கு நீளத்தை எடுத்துவிடுவது. ஐப்பசிக் கடைசியில் மழை விட்ட நாளாகப் பார்த்து நுனி மட்டும் ஒரு சாண் கிள்ளுவது. கார்த்திகை நடுவிலிருந்து தண்ணீரை நிறுத்துவது. பகல் குறுகும் மாதங்கள் இந்தச் செடிக்குப் பூக்க உகந்தவை. மழையும் ஓய்ந்துவிடுவதால் மார்கழி, தை வாக்கில் நிறம் கட்டத் தொடங்கும். மார்கழியில் “செடி பரட்டையாக இருக்கிறது, அழகுபடுத்தலாம்” என்று கத்தரி எடுப்பவர்கள்தான் அந்த வருடப் பூ முழுவதையும் குப்பைக்கு அனுப்புகிறவர்கள்.

இவ்வளவு செய்தும் மசியாவிட்டால் வேர்க் கவாத்து செய்யலாம். தண்டிலிருந்து 2 அடி தள்ளி, பாதி வட்டத்துக்கு மட்டும், மண்வெட்டியை நேராக ஓர் அடி ஆழம் இறக்கி வேரை வெட்டிவிடுங்கள். மறுபாதியை அந்த வருடம் தொடக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நேர்வெயில் 6 மணி நேரமாவது விழுகிறதா? மாமர நிழலில் நின்றால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது.

கே: மொட்டை மாடியில் வளர்க்கலாமா? எந்த அளவு தொட்டி? எடை தாங்குமா? — அம்மாபேட்டை வாசகர்

ப: மொட்டை மாடிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி சேலத்தில் குறைவு. வேர் இடுக்கிக்கொண்டு நிற்பதையே இது பொறுத்துக்கொள்ளும். நெருக்கடியில் பூவும் கூடும். அதனால் சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வாங்காதீர்கள். பையிலிருந்து எடுக்கும் நாற்றுக்கு 8 அங்குலம், ஒரு வருடம் கழித்து 12, கடைசியாக 14. அதற்கு மேல் தேவையில்லை.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, சலித்துத் தூசி நீக்கிய எம்-சாண்ட் 1 பங்கு, மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம். தென்னைநார்க் கழிவை அளவுக்கு மீறிப் போடுகிறவர்கள் உண்டு. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். இந்தச் செடிக்கு வேண்டாதது அதுதான். எம்-சாண்டில் தூசி நீங்காமல் இருந்தால் ஆறே மாதத்தில் அடிமண் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

எடையைப் பொறுத்தவரை, 14 அங்குலத் தொட்டி மண் நனைந்த நிலையில் 35 கிலோவுக்குக் குறையாது. பத்துத் தொட்டியை நடுத்தளத்தில் கூட்டி வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் ஓரங்களில் பரப்பி வையுங்கள். தொட்டியை மூன்று செங்கல் மேல் உயர்த்துவது கட்டாயம். இல்லையென்றால் வடிகால் துளை வழியே வேர் இறங்கித் தளத்து ஓட்டின் இடுக்கைத் தேடும். “ஆறு மாதமாகத் தண்ணீரே விடவில்லை, செடி பச்சையாக இருக்கிறது” என்று பெருமைப்படுகிறவர்கள் தொட்டியை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

தொட்டிச் செடியைப் பூக்க வைக்கும் முறை: கவாத்து செய்து புதுத் தளிர் ஒரு சாண் வளர்ந்தபின் தண்ணீரை நிறுத்துங்கள். மதிய வெயிலில் இலை தொங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காலையில் பார்க்கும்போதும் தொங்கினால் அரை மக் விடுங்கள். மறுபடி தொங்கும் வரை காத்திருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தளிர் நுனியில் கடுகளவு நிற மொட்டு தெரியும். அன்று முதல் வழக்கமான தண்ணீர். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்: மொட்டு வந்த பிறகும் காயப்போட்டால் அத்தனையும் கொட்டிவிடும்.

உரம் என்று பார்த்தால், தளிர்விடும் காலத்தில் மாதம் 100 கிராம் மண்புழு உரம், வருடத்துக்கு இருமுறை 50 கிராம் எலும்புத்தூள். மொட்டு கட்டியபின் எதுவும் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்து இலை ஓரம் கருகும். மாதம் ஒருமுறை, அடியில் தாராளமாக வடியும்வரை தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறப்பு.

கே: ஓமலூர் அருகே 60 அடி நீள மனை. செங்கல் சுவர் எழுப்ப இப்போது வசதி இல்லை. காகிதப்பூ வேலி ஆடு மாட்டைத் தடுக்குமா? அரளி நல்லதா? — ஓமலூர் வாசகர்

ப: தடுக்கும், ஆனால் முதல் நாளிலிருந்து அல்ல. வேலியாக அடர்ந்து நிற்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை அதற்கே ஒரு வேலி வேண்டும், ஏனென்றால் இளந்தளிரை ஆடு விரும்பிக் கடிக்கும். முதல் வருடம் கருவேல முள் வெட்டிப் போட்டோ பச்சை வலை கட்டியோ காப்பாற்றுங்கள்.

3 அடிக்கு ஒன்று வீதம் 60 அடிக்கு 21 செடி. கூட இரண்டு மூன்று நாற்று வாங்கித் தொட்டியில் வைத்துக்கொண்டால், பட்டுப்போன இடத்தில் அதே வயதுச் செடியை வைக்கலாம். எல்லைக் கோட்டிலிருந்து இரண்டரை அடி உள்ளே தள்ளி நடுங்கள். கோட்டின் மேலேயே நட்டால் பாதி வேலி அடுத்தவர் மனையில் இருக்கும். முள் குத்திய வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். ஒன்றரை அடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழக் குழி. ஒவ்வொன்றிலும் 5 கிலோ மக்கிய சாணி உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு, மேல்மண். ஆடிப் பட்டத்தில் நட்டால் அடுத்து வரும் மழையிலேயே வேர் பிடித்துவிடும்.

நட்டு ஒரு மாதம் கழித்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு தரையிலிருந்து ஓர் அடியில் வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாத வேலிதான் மேலே குடையும் கீழே ஓட்டையுமாக நிற்கும். ஆடு நுழைவது அந்தக் கீழ் ஓட்டை வழியாக. 10 அடிக்கு ஒரு கல்தூண் நட்டு, ஒன்றரை அடி, மூன்றடி உயரத்தில் இரண்டு வரிசை ஜிஐ கம்பி இழுத்து, வரும் போத்துகளை (புதுக் கிளைகளை) படுக்கைவாக்கில் கட்டுங்கள். படுத்த கிளையின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் மேல்நோக்கித் துளிர் வரும், அடர்த்தி கூடும். கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும். தலை அகன்றால் அடிக்கு வெயில் கிடைக்காமல் இலை உதிர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தில் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாதாமாதம் மட்டமாகக் கத்தரித்த வேலியில் பூ இருக்காது. நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் பூ எங்கே வரும்? காவல்தான் முதல் நோக்கம் என்றால் வருடம் நான்கு முறை கத்தரியுங்கள். பூவும் வேண்டுமென்றால் ஐப்பசியோடு கத்தரியை எடுத்து வைத்துவிட்டு, சித்திரை வரை அது தலைவிரித்து நிற்பதைச் சகித்துக்கொள்ளுங்கள்.

அரளியும் வறட்சி தாங்கும். நெடுஞ்சாலை நடுத்திட்டில் அது நிற்பதற்குக் காரணம் உண்டு: கால்நடை தொடாது, வண்டிப் புகையைத் தாங்கும், எதிர் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும். நம் பனமரத்துப்பட்டிப் பக்கம் மாலைக்காக ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். ஆனால் வேர், இலை, பூ, பால் என்று அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. முள்ளும் கிடையாது. கன்றுகாலியோ சின்னக் குழந்தையோ இருக்கும் வீட்டில் எல்லை வேலிக்கு அரளியை நாங்கள் சொல்ல மாட்டோம். ஏற்கெனவே இருந்தால், வெட்டிய தழையை மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள், புகையும் ஆகாது.

கே: புது இலை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. எப்சம் உப்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா? — கருப்பூர் வாசகி

ப: வேண்டாம். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். நீங்கள் இருப்பதோ மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் பூமி. மேக்னசைட்டே மக்னீசியம் கார்பனேட்தான். அந்தப் பக்கத்து மண்ணுக்கு மேலும் மக்னீசியம் ஊட்டுவது வேண்டாத செலவு. மக்னீசியம் குறைந்தால் மஞ்சள் முதலில் பழைய இலையில் தெரியும். புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மையும் சுண்ணாம்புச் சுக்கானும் சேர்ந்து, வேர் எடுத்துக்கொள்ள முடியாத வடிவில் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன.

ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சாயங்காலம் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழுப்பேறி வீணாகும். வெள்ளைச் சுவர், டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை போகாது, பழைய போர்வையால் மூடிக்கொள்ளுங்கள். அன்னபேதியை மண்ணில் கொட்டிப் பயனில்லை, மண் அதையும் பூட்டிவிடும்.

இனிமேல் நடுவதாக இருந்தால் 2 அடி ஆழம் தோண்டிச் சுக்கான் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, வெளிச் செம்மண்ணும் தொழுஉரமும் நிரப்பி, தரையைவிட ஒரு சாண் உயர்த்திய மேட்டில் நடுங்கள்.

கே: ஏற்காட்டில் வீட்டை ஒட்டிய சரிவில் கல்கட்டு இருக்கிறது. காகிதப்பூவை அதன் மேலிருந்து தொங்கவிட ஆசை. மழையும் மூடுபனியும் ஒத்துவருமா? உண்ணிச்செடிப் பூவும் அழகாக இருக்கிறதே, அதையும் கலந்து நடலாமா? — ஏற்காடு வாசகர்

ப: ஒத்துவரும், இடம் சரியாக அமைந்தால். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரால் செடி சாகாது. அங்கே அதற்கு எதிரி ஈரமும் நிழலும்தான். சில்வர் ஓக் நிழலில் நட்டால் காப்பிக்குத் துணையாக இலைதான் விடும். தெற்கு அல்லது மேற்கு பார்த்த சரிவாக இருக்கட்டும். கல்கட்டு நல்ல தேர்வு: கல் பகல் வெயிலை வாங்கிச் சூடேறும், பின்னால் தண்ணீர் வடிந்துவிடும். கட்டின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி பின்னால், ஓர் அடி உயர மண் மேட்டில், 5 அடிக்கு ஒன்றாக நடுங்கள். குழியடியில் சரளை போடுவதைவிட மேட்டில் நடுவதுதான் வேரைக் காப்பாற்றும். நடும்போது கல்கட்டின் வடிதுளைகள் அடைபடாமல் பாருங்கள். அவை அடைத்தால் செடிக்கு முன்னால் கட்டே சரியும்.

கீழே சேலத்துக்குச் சொன்ன கவாத்துக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். மலையில் வளர்ச்சி மெதுவாக இருக்கும், மழையும் நீளும். பூத்து முடிந்ததும் வைகாசியில் ஒரே கவாத்து போதும். மாசி முதல் மே மாதக் கோடைவிழா வரை பூவை எதிர்பார்க்கலாம். தென்மேற்கு மழையில் இலையில் கரும்புள்ளி விழும். புள்ளி இலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள். பரவினால் லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளியுங்கள். புள்ளிக்குப் பயந்து மாதாமாதம் மருந்து அடிக்க வேண்டியதில்லை. வெயில் திரும்பியதும் புது இலை சுத்தமாக வரும்.

சரிவு மண் அரிக்காமல் இருக்க இதை மட்டும் நம்ப வேண்டாம். சரிவுக்குக் குறுக்காக அரை அடிக்கு ஒரு தூர் வீதம் வெட்டிவேர் வரிசை வைத்து, அதற்கு மேலே காகிதப்பூவைப் படரவிடுங்கள்.

உண்ணிச்செடி வேண்டவே வேண்டாம். பறவை அதன் பழத்தைத் தின்று விதையைப் போடும் இடமெல்லாம் முளைக்கும். சேர்வராயன் மலைக் காட்டையும் எஸ்டேட் ஓரங்களையும் ஏற்கெனவே அது மொய்த்துக் கிடக்கிறது. காகிதப்பூவின் தோட்ட ரகங்கள் பெரும்பாலும் விதை கட்டுவதில்லை, தானாகக் காட்டுக்குள் ஓடாது. மலையில் அதை நடச் சொல்ல இதுவே எங்களுக்குப் பெரிய காரணம்.

கே: பதியன் போட்ட குச்சி துளிர்க்கிறது. எடுத்து நட்டதும் செத்துவிடுகிறது. ஏன்? — அயோத்தியாப்பட்டணம் வாசகி

ப: துளிர் வந்ததை வேர் வந்ததாக எடுத்துக்கொள்வதால். குச்சிக்குள் இருக்கும் சேமிப்பிலேயே இரண்டு மூன்று இலை வந்துவிடும். வேர் பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். துளிர் ஒரு சாண் வளர்ந்து அதிலிருந்து இரண்டாம் துளிர் எழும்வரை தொடாதீர்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். காகிதப்பூவின் வேர் மெல்லியது, பட்டென்று ஒடியும். மண்கட்டி உதிர்ந்தால் வேரும் கையோடு வந்துவிடும். ஆகவே பல குச்சிகளை ஒரே தொட்டியில் போடாமல், ஒரு பைக்கு ஒரு குச்சி என்று போடுங்கள். மாற்றும்போது பையைப் பக்கவாட்டில் பிளேடால் கிழித்து, மண்கட்டியோடு குழியில் இறக்குங்கள். செடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கட்டியை ஏந்த வேண்டும். மண்ணை மிதித்து இறுக்கவும் வேண்டாம்.

பென்சில் கனத்தில் முற்றிய குச்சி, 6 முதல் 8 அங்குலம், நாலைந்து கணு. கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக. வேர்ஊக்கிப் பொடியில் தொட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்ததில் இரண்டு கணு புதையச் செருகி, நிழலில் வையுங்கள். ஆடி, ஆவணி நல்ல காலம். மஹாரா போன்ற அடுக்கு ரகங்களும், திம்மா போன்ற இலைவண்ண ரகங்களும் குச்சியில் எளிதில் வேர்விடாது. அவற்றுக்கு, கிளை செடியில் இருக்கும்போதே வேர்விட வைக்கும் விண்பதியம்தான் சரி.

கே: வாசலில் 4 அடி அகல இடம்தான். புதராகாமல் மரம் போல ஒற்றைத் தண்டில் வளர்க்க முடியுமா? — சூரமங்கலம் வாசகர்

ப: முடியும், இரண்டு வருடப் பொறுமை வேண்டும். நேராக ஓடும் வலுவான ஒரு போத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். 6 அடி மூங்கில் நட்டு, ஒரு சாணுக்கு ஒரு கட்டு, பழைய பருத்தித் துணியால். கம்பியோ நைலானோ தண்டு பருக்கும்போது பட்டையை அறுக்கும். பக்கத் துளிர்களை விரலால் தடவி எடுங்கள், ஆனால் தண்டில் நேராக முளைத்த இலைகளை விட்டுவைக்க வேண்டும். தண்டு பருக்க அவை உதவும். ஐந்தரை அடியில் நுனியைக் கிள்ளினால் மூன்று நான்கு கிளை பிரியும். அவை ஒரு முழம் வந்ததும் மறுபடி கிள்ளுங்கள், குடை உருவாகும். கீழ்க்கிளை நடப்பவர் தலைக்கு மேலே இருக்க வேண்டும். குழந்தைகள் ஓடும் வாசலில் தொங்கும் முள் நேராகக் கண்ணுக்கு வரும். மின்கம்பி மேலே போனால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

கே: இரண்டு நிறம் பூக்கும் என்று வாங்கினேன். இப்போது ஒரே நிறம். ஏமாற்றமா? — ஆத்தூர் வாசகி

ப: இருக்காது. மேரி பால்மர் ரகம் இயல்பாகவே ஒரே செடியில் வெள்ளையும் ஊதா கலந்த இளஞ்சிவப்பும் காட்டும். ஒரு நிறக் கிளை வேகமாக ஓடி மற்றதை மறைத்துவிடும். அதைக் குட்டையாக வெட்டுங்கள். ஒட்டுச்செடியாக இருந்தால் தண்டின் அடியில் முடிச்சைத் தேடுங்கள். அதற்குக் கீழிருந்து வந்த போத்து அடியில் இருக்கும் வேர்ச்செடியுடையது, ஒட்டிய ரகத்தை அமுக்கிவிடும். தண்டோடு ஒட்ட அறுத்து எடுங்கள். இலைவண்ண ரகத்தில் முழுப்பச்சைக் கிளை வந்தாலும் இதே வைத்தியம்.

கே: உதிரும் பூ மாடிக் குழாயை அடைக்கிறது. கிளைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு. — குகை வாசகர்

ப: பஞ்சு மாவுப்பூச்சி. அதன் தேன்போன்ற கழிவுக்காக எறும்பு அதைச் சுமந்து பரப்புகிறது. முதலில் பீய்ச்சும் தண்ணீரால் அடித்து உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். தொட்டியின் செங்கல் கால்களைச் சுற்றி எறும்பைத் தடுக்காமல் விட்டால் பூச்சி திரும்பி வரும்.

நிறமாகத் தெரிவது பூவிலை. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. காய்ந்த பூவிலை எடையே இல்லாமல் பறந்து, ஒரே மழையில் குழாய் வாயில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். தட்டையான சல்லடை போட்டால் அதன் மேலும் படிந்து அடைக்கும். குவிந்த, கூண்டு வடிவ மூடி வாங்கிப் பொருத்துங்கள். கூட்டிய பூவிலையை அப்படியே தொட்டி மண் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாவுப்பூச்சி இருந்த கிளைகளை மட்டும் அதோடு சேர்க்காமல் தனியே கட்டி அகற்றிவிடுங்கள்.